சகரியாவின் குதிரை வீரர்கள்: எல்லாம் அறிந்தவருக்கு ஒற்றர்கள் எதற்கு?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

வேதாகமத்தில் சகரியா தீர்க்கதரிசியின் புத்தகம், முதல் அதிகாரத்தில் குதிரைகளில் ஏறியவர்கள் பூமியெங்கும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நிலவரம் சொல்கிறார்கள். எல்லாம் அறிந்த கடவுளுக்கு இந்த ஏற்பாடு எதற்கு? பாரசீக அரசனின் உளவுப்படையைப் பார்த்து யாரோ வானத்திலும் ஒன்றை அமைத்துவிட்டதுபோல் இருக்கிறது. இதைத்தான் தீர்க்கதரிசனம் என்கிறோமா?

பிப்ரவரி 4, இரவு

பாரசீகச் சாயல் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் 11-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 12-ஐயும் சேர்த்துப் படியுங்கள்.

குதிரை வீரர்கள் தங்கள் அறிக்கையைக் கடவுளிடம் சொல்லவில்லை. பள்ளத்தில் மிருதுச்செடிகளுக்கு நடுவே நிற்கிற கர்த்தருடைய தூதனிடம் சொல்கிறார்கள். பூமி முழுவதும் அமைதியாக இருக்கிறது என்பதுதான் அறிக்கை. அதைக் கேட்ட தூதன் மகிழவில்லை. மேலே திரும்பி, எருசலேமின்மேல் எந்தமட்டும் இரங்காமல் இருப்பீர், எழுபது வருஷமாகிவிட்டதே என்று கேட்கிறான். நாடு அமைதி என்று ஒற்றன் சொன்னால் எந்த அரண்மனையில் எந்த அதிகாரி அரசனைப் பார்த்து இப்படிக் கேட்பான்? உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். விரிவாக நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, மாலை

அமைதி என்ற செய்தி ஏன் கெட்ட செய்தி? தேதியைப் பார்த்தால் விளங்கும். சகரியா தன் காட்சிக்குத் தேதி போட்டிருக்கிறார்: தரியு ராஜாவின் இரண்டாம் வருஷம், சேபாத் மாதம் 24. நம் கணக்கில் கி.மு. 519, பிப்ரவரி 15.

அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கி.மு. 522-இல் பாரசீக அரசன் காம்பிசஸ் இறந்தான். தரியு அரியணையைப் பிடித்தான். பேரரசு முழுவதும் கலகம் வெடித்தது. பாபிலோனில் மட்டும் இரண்டு முறை. இரண்டு கலகத் தலைவர்களும் தங்களுக்கு நேபுகாத்நேச்சார் என்றே பட்டப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். எருசலேமை எரித்தவனின் பெயர் அது. அந்தப் பெயர் மறுபடி எழுந்து மறுபடி விழுந்த சேதி யூதாவுக்கு எட்டாமல் இருந்திருக்காது.

ஈரானில் கெர்மான்ஷா அருகே பெஹிஸ்தூன் மலையில் தரியு இதையெல்லாம் மூன்று மொழிகளில் வெட்டிவைத்தான். ஒரே ஆண்டில் 19 போர்களில் வென்று 9 அரசர்களைப் பிடித்தேன் என்று பெருமை பேசுகிறான். அந்தக் கல்வெட்டின் அரமேயப் பிரதி ஒன்று எகிப்தின் எலிபன்டைன் தீவில், அங்கே இருந்த யூதப் படைக்குடியிருப்பின் ஆவணங்களோடு பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. ஆக, இந்தப் பெருமை யூதர்கள் வாழ்ந்த இடம்வரை எட்டியிருக்கிறது.

இனி சகரியாவின் காலத்துத் தீர்க்கதரிசியான ஆகாயின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சகரியாவின் காட்சிக்கு இரண்டே மாதம் முன்பு, ஒன்பதாம் மாதம் 24-ஆம் தேதி, வானத்தையும் பூமியையும் அசையப்பண்ணுவேன், ராஜ்யங்களின் சிங்காசனத்தைக் கவிழ்ப்பேன் என்ற வாக்கு வருகிறது. யூதாவின் அதிபதியான செருபாபேல் கர்த்தரின் முத்திரை மோதிரமாவான் என்ற வாக்கும் அதே நாளில்தான். கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பேரரசு ஆடிக்கொண்டிருக்கிறது, இதோ எங்கள் வேளை வந்தது என்றுதானே?

இரண்டு மாதம் கழித்துக் குதிரைகள் திரும்பி வருகின்றன. எதுவும் அசையவில்லை என்கின்றன. தரியு வென்றுவிட்டான். எருசலேமில் திரும்பக் கட்டுகிற ஆலயம் இன்னும் பாதிச் சுவரில் நிற்கிறது.

அந்த அமைதி அவனுடைய அமைதி. தூதனின் குரல் ஏன் உடைகிறது என்பது இப்போது தெரிகிறதா?

பிப்ரவரி 5, இரவு

எபிரேயப் பதிப்போடு ஒத்துப்பார்க்கிறவர்களுக்கு: அதில் முதல் அதிகாரம் 17-ஆம் வசனத்தோடு முடிந்துவிடும். நான்கு கொம்புகளின் காட்சி அங்கே இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கம். நான் தமிழ் வேதாகமத்தின் எண்களையே தருகிறேன்.

பிப்ரவரி 7

"அமைதியாக இருக்கிறது என்பதை இவ்வளவு கசப்பாகப் படிக்க வேண்டுமா, அது வெறும் நிலவரம்தானே" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

எங்கள் ஊரில் வெள்ளம் வந்த ஆண்டு அந்த வசனம் எனக்குப் புரிந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. வீட்டுக்குள் சேறு அப்படியே கிடந்தது. அரிசி மூட்டை நாறியது. பிள்ளைகளின் சான்றிதழ்கள் கூழாகிவிட்டன. பக்கத்துத் தெருவில் ஒரு கிழவரைப் புதைத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தோம். ஜீப்பில் வந்தவர்கள் தெருமுனையில் நின்று பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போய்விட்டார்கள். மறுநாள் செய்தியில் "இயல்பு நிலை திரும்பியது" என்று வந்தது. அந்த மூன்று சொற்களில் பொய் எதுவும் இல்லை. பஸ் ஓடியது, கடை திறந்திருந்தது. ஆனால் படித்ததும் அம்மா அழுத அழுகை வெள்ளத்தன்றுகூட அழாதது.

பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். எங்கள் பக்கம் நின்று "இன்னும் எத்தனை நாள்" என்று மேலே கேட்பதற்கு யாரும் இல்லை, அவ்வளவுதான். அந்த வாரம் 12-ஆம் வசனத்தைப் படித்தபோது தூதனின் மேல் எனக்கு வந்த அன்பை எழுதிக் காட்ட முடியாது.

13-ஆம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். கேட்டதற்குத் தூதன் கண்டிக்கப்படவில்லை. நல்ல வார்த்தைகளும் ஆறுதலான வார்த்தைகளும் பதிலாக வருகின்றன. 15-இல், சுகமாக வாழ்கிற ஜாதிகள்மேல் கடுங்கோபம் கொண்டேன் என்று கர்த்தர் சொல்கிறார். தான் கொஞ்சம் கோபித்திருந்தபோது அவர்கள் கேட்டை அதிகமாக்கினார்களாம். அதாவது அந்த அமைதியைக் கண்டு அவருக்கும் நெஞ்சு கொதித்திருக்கிறது.

பிப்ரவரி 8

பாரசீகச் சாயலுக்கு வருகிறேன், அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சர்திஸிலிருந்து சூசாவரை சுமார் 2,500 கிலோமீட்டர் நீண்ட அரசப் பெருவழி, வழியெங்கும் தங்குமிடங்கள், குதிரை மாற்றி ஓடும் அஞ்சல்காரர்கள், இவையெல்லாம் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதிவைத்தவை. பனியோ மழையோ வெயிலோ இருளோ அவர்களைத் தடுக்காது என்கிறார். அரசனின் கண் என்று பட்டம் கொண்ட அதிகாரிகளும் இருந்ததாகக் கிரேக்கர்கள் சொல்கிறார்கள். சகரியாவின் தலைமுறை இந்த ஏற்பாட்டின் கீழே வாழ்ந்தது. குதிரையில் ஒருவன் வந்து நின்றால் அரசன் நம்மைப் பார்க்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த உருவத்தை எடுத்துத்தான் சகரியாவின் காட்சி வேறொரு செய்தியைச் சொல்கிறது. அரசனின் கண் பார்த்தது வரியையும் கலகத்தையும். மிருதுச்செடிகளுக்குள் வந்து நின்ற குதிரைகளின் அறிக்கையிலிருந்தோ ஒரு முறையீடு பிறந்தது. யாருக்குக் காட்டப்பட்ட காட்சி என்பதையும் யோசியுங்கள். கடவுளுக்குத் தெரியாததைத் தெரிவிக்க அந்தக் குதிரைகள் ஓடவில்லை. இந்த உரையாடல் சகரியாவின் காதில் விழ வேண்டும், அவர் வழியாக எருசலேமின் காதில் விழ வேண்டும். "நம் காரியம் அங்கே பேசப்படுகிறது" என்று அந்தச் சனம் அறிய வேறு வழி இல்லை.

குதிரைகளின் நிறங்களைப் பற்றி நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். சிவப்பு போர், வெள்ளை வெற்றி என்றெல்லாம் பிரிப்பது முதல் அதிகாரத்துக்குப் பொருந்தாது. அங்கே நிறங்களுக்குத் தனித்தனி வேலை எதுவும் தரப்படவில்லை.

பிப்ரவரி 11

எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட சிங்காசனக் காட்சியைக் கொண்டுவந்து ஒருவர் என்னை மடக்கியிருக்கிறார். நல்ல மறுப்பு. சக்கரங்களின் வட்டம் முழுவதும் கண்கள், அங்கே எங்கே இரக்கம், அச்சம்தானே என்கிறார். சில நாள்களாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கி.மு. 597-இல் யூதாவின் யோயாக்கீன் ராஜாவோடு எசேக்கியேலும் சிறைப்பட்டுப் போனார். ஐந்தாம் வருஷம், 593-இல், பாபிலோனியரின் நாட்டில் கேபார் நதியருகே காட்சி வருகிறது. நதி என்கிறோம், அது நிப்பூர் பக்கத்தில் ஓடிய பெரிய வாய்க்கால். எருசலேமின் ஆலயத்தில் இருக்க வேண்டிய சிங்காசனம் அந்நிய வாய்க்கால் கரையில் சக்கரங்களோடு வந்து நிற்கிறது. அகதிகளாகப் போனவர்களை அந்தக் கண்கள் தேடி வந்திருக்கின்றன. எனக்கு அதில் அச்சத்தைவிட ஆறுதல்தான் முதலில் தெரிகிறது.

எட்டாம் அதிகாரத்தைப் பக்கத்தில் வையுங்கள். எருசலேமில் மூப்பர்கள் இருட்டறையில் நின்று, கர்த்தர் நம்மைப் பார்க்கிறதில்லை, தேசத்தைக் கைவிட்டார் என்கிறார்கள். கைவிடப்பட்டோம் என்ற கசப்பு, யாரும் பார்க்கவில்லை என்ற துணிச்சலாக மாறிவிட்டது. சக்கரங்களின் கண்கள் இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்கின்றன.

ஆனால் ஒன்பதாம் அதிகாரம் கடினம். அதை மெழுகிப் பூச மாட்டேன். சணல்நூல் அங்கி உடுத்தி, இடுப்பில் கணக்கனுடைய மைக்கூட்டோடு ஒரு புருஷன் நகரத்தின் நடுவே போகிறான். நடக்கிற அருவருப்புகளுக்காகப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடுகிறான். பின்னால் வருகிறவர்கள் கையில் வெட்டுகிற ஆயுதம். முதியவர், வாலிபர், குழந்தைகள் என்று வித்தியாசமில்லாமல் சங்காரம். எசேக்கியேல் முகங்குப்புற விழுந்து கதறுகிறார், மீதியானவர்களையெல்லாம் அழித்துவிடுவீரோ என்கிறார். தப்பவிடமாட்டேன் என்பதே பதில். கடைசியில் மைக்கூட்டுக்காரன் திரும்பி வந்து, கட்டளையிட்டபடி செய்தேன் என்கிறான். இதுவும் ஓர் அறிக்கைதான்.

நெற்றியில் அடையாளம் பெற்றவர்கள் அழுதவர்கள் என்பதைப் பற்றிக்கொண்டுதான் இந்த அதிகாரத்தை நான் கடக்கிறேன். குழந்தைகளைப் பற்றிய வரிக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்று மேடையில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பிப்ரவரி 12, அதிகாலை

மேலே எழுதிய எசேக்கியேல் குறிப்பு தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. எழுந்து ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஏழாம் அதிகாரத்தை எடுத்தேன்.

ஆமோஸின் காட்சிகளில் நடுவே விளக்கம் சொல்லும் தூதன் யாரும் இல்லை. கர்த்தரே காட்டுகிறார். வெட்டுக்கிளி வருகிறது. ஆமோஸ் கெஞ்சுகிறார்: யாக்கோபு சிறுத்துப்போனான், யார் அவனைத் திரும்ப எழுப்புவது என்கிறார். அது நிறுத்தப்படுகிறது. நெருப்பு வருகிறது. மறுபடி கெஞ்சுகிறார். மறுபடி நிறுத்தப்படுகிறது. சுவரின் கோணலை அளக்கிற தூக்குநூல் வருகிறபோது கெஞ்சல் இல்லை.

எசேக்கியேலில் கதறலுக்கு இடம் கிடைக்கவில்லை. சகரியாவிலோ தீர்க்கதரிசி கெஞ்சவே இல்லை. ஒரே இரவின் காட்சிகள் முழுவதும் அவர் கேட்பது "ஆண்டவனே, இவைகள் என்ன", "இவர்கள் எங்கே போகிறார்கள்" போன்ற கேள்விகள்தான். நாலாம் அதிகாரத்தில் தூதன் அவரைத் தூங்குகிறவனை எழுப்புவதுபோல் எழுப்ப வேண்டியிருக்கிறது. இவைகள் இன்னதென்று அறியாயா என்று இரண்டு முறை கேட்கிறான், அறியேன் என்று இரண்டு முறையும் சொல்கிறார். நகரம் எரிந்துவிட்டது, கெஞ்சி ஓய்ந்த ஒரு மரபு அது. மன்றாடுகிற வேலையைத் தூதன் தன் தோளில் ஏற்றிக்கொண்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. எபிரேயக் காட்சிகளில் தூதர்கள் பெருகியதற்குக் கடவுள் தொலைவாகிவிட்டதாக மக்கள் நினைத்ததே காரணம் என்று பல நூல்களில் படித்திருக்கிறேன். நான் அதைத் திருப்பிப் படிக்கிறேன். மனிதன் பேசமுடியாமல் நின்ற இடத்தில் அவனுக்காகப் பேச ஒருவன் அனுப்பப்பட்டான்.

பிப்ரவரி 12, இரவு

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, காலையில் விட்டுப்போயிற்று. மூன்றாம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். வலதுபக்கத்தில் சாத்தான் குற்றஞ்சாட்ட நிற்கிறான். அழுக்கு வஸ்திரங்கள் களையப்படுகின்றன. எபிரேய மூலத்தின்படி அங்கே திடீரென்று சகரியாவே வாய் திறந்து, அவன் தலையில் சுத்தமான பாகையை வைக்கட்டும் என்கிறார். உடனே வைக்கிறார்கள். அந்த இரவு முழுவதும் அவர் கேள்வியாக அல்லாமல் வேண்டுதலாகச் சொன்னது இந்த ஒன்றுதான்.

இந்தச் சாத்தானையும் கவனியுங்கள். யோபு முதல் அதிகாரத்தில் அவனும் பூமியெங்கும் உலாவிவிட்டுத்தான் வருகிறான். சகரியாவின் குதிரைகள் செய்த வேலையைத்தான் அவனும் செய்திருக்கிறான். அவனுக்கும் கண் இருக்கிறது, அவன் பார்த்ததும் பொய் இல்லை. யோசுவாவின் ஆடை அழுக்காகத்தான் இருந்தது. பார்த்ததை வைத்து ஒருவன் குற்றம் சாட்டுகிறான், இன்னொருவன் இரக்கம் கேட்கிறான். நம்மைப் பார்க்கிறவர் நம்மேல் என்ன மனதோடு பார்க்கிறார் என்பதே இந்தக் காட்சிகள் எல்லாவற்றிலும் என்னை இழுத்துப் பிடிக்கிற கேள்வி.

பிப்ரவரி 15

கணக்குப்படி இன்று அந்த நாள். மிருது அதிகம் உயராத பசுமைமாறாச் செடி. குதிரைகளும் தூதனும் நின்றது சீயோன் உச்சியில் அல்ல, இப்படிப்பட்ட செடிகள் அடர்ந்த ஒரு பள்ளத்தில், இரவில். தாழ்ந்த இடமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 18

ஏழு கண்களைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டார்கள்.

சிறுவயதில் எங்கள் ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் ஒரு பெரிய கண் வரைந்திருந்தது. கீழே "கர்த்தர் உன்னைப் பார்க்கிறார்". அதற்கு எதிரே உட்கார்ந்து மிட்டாய் தின்னக்கூடப் பயம். அந்தக் கண்ணோடுதான் வளர்ந்தேன். பல பேர் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். சகரியா 4:10-ஐப் பெரியவளான பிறகுதான் கவனித்துப் படித்தேன்.

பூமியெங்கும் சுற்றிப் பார்க்கிற கர்த்தருடைய ஏழு கண்கள் அங்கே எதைப் பார்க்கின்றன? பாவத்தை அல்ல. செருபாபேலின் கையில் இருக்கிற தூக்குநூலை. ஒரு கட்டட வேலையை. அதுவும் பழைய ஆலயத்தோடு ஒப்பிட்டுப் பலரும் அற்பமென்று நினைத்த வேலையை. தமிழ் வேதாகமம் அந்தக் கண்கள் சந்தோஷமாய்ப் பார்ப்பதாகச் சொல்கிறது. மகிழ்வது கண்களா, அற்பமென்று அசட்டைபண்ணின மக்களா என்பதில் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். எப்படி எடுத்தாலும் அந்தக் கண்களுக்கு முன்னால் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. கி.மு. 515-இல், தரியுவின் ஆறாம் வருஷத்தில், ஆலயம் முடிந்தது.

நாலாம் அதிகாரத்தை ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இந்த வசனத்திலிருந்து தொடங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பிப்ரவரி 19

தானியேலை ஏன் தொடவில்லை என்று ஒரு ஐயா கோபித்திருக்கிறார். தொடுகிறேன், சுருக்கமாக. நாலாம் அதிகாரத்தில் வானத்திலிருந்து இறங்குகிற காவலாளன் நேபுகாத்நேச்சாரின் மரத்தை வெட்டச் சொல்கிறான். பத்தாம் அதிகாரத்தில், பெர்சிய அரசன் கோரேசின் மூன்றாம் வருஷம், இதெக்கேல் (டைகிரிஸ்) ஆற்றங்கரையில் வந்த தூதன், பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி தன்னை இருபத்தொரு நாள் எதிர்த்து நின்றதாகவும் மிகாவேல் வந்து உதவியதாகவும் சொல்கிறான். அங்கே தூதர்களுக்குப் பெயர் வந்துவிட்டது, நாடு வந்துவிட்டது, போர் வந்துவிட்டது. சகரியாவின் தூதர்களுக்குப் பெயர் இல்லை. வேறு காலம், வேறு நெருக்கடி. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டித் தூதர்களின் படிநிலை வரைவதில் எனக்கு நாட்டமில்லை.

பிப்ரவரி 24

முதல் காட்சிக்கும் கடைசிக் காட்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது சரி. ஆறாம் அதிகாரத்தில் இரண்டு வெண்கல மலைகளுக்கு நடுவிலிருந்து நான்கு இரதங்கள் புறப்படுகின்றன. பலத்த குதிரைகள் ஓடத் துடிக்கின்றன. வடதேசத்துக்குப் போனவை கர்த்தரின் ஆவியை அங்கே சாந்திபண்ணின என்று முடிகிறது. வடதேசம் என்றால் பாபிலோன் வழி. முதல் காட்சியில் தரியுவின் அமைதி, கடைசியில் கர்த்தரின் சாந்தி. நடுவே தூதனின் ஒரு முறையீடு.

இதோடு ஏசாயா 62-ஐச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. எருசலேமின் மதில்கள்மேல் இரவும் பகலும் மவுனமாயிராத ஜாமக்காரர்களை வைத்ததாக அங்கே வருகிறது. ஜாமக்காரனின் வேலை எதிரியைப் பார்த்து ஊரை எழுப்புவது. எசேக்கியேல் 33-இல் அப்படித்தான். ஏசாயா 62-இல் அவர்கள் எழுப்ப வேண்டியது ஊரை அல்ல. கர்த்தரை நினைவுபடுத்துகிறவர்களே, நீங்களும் அமரிக்கையாய் இராதீர்கள், எருசலேமை ஸ்திரப்படுத்தும்வரை அவரையும் அமர்ந்திருக்கவிடாதீர்கள் என்கிறது. கட்டளை கொடுக்கிறவர் தன்னையே சும்மா விடாத ஆட்களைத் தன் மதிலில் நிறுத்தி வைத்திருக்கிறார். மிருதுச்செடிகளின் தூதன் செய்ததும் இந்த வேலைதான்.

மார்ச் 1

9 முதல் 14 வரையிலான அதிகாரங்களிலும் இந்தத் தூதன் வருகிறானா என்ற கேள்விக்கு: இல்லை. தேதிகளும் அங்கே இல்லை, விளக்கம் சொல்லும் தூதனும் இல்லை. நடையும் வேறு. அந்தப் பகுதி பிற்காலத்துக் கையென்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், எனக்கும் அப்படியே படுகிறது.

ஆனால் 9:8-ஐப் பாருங்கள். தன் ஆலயத்தைச் சுற்றித் தானே பாளயம்போடுவதாகக் கர்த்தர் சொல்கிறார். இனி ஒடுக்குகிறவன் அவர்களைக் கடந்துபோகமாட்டான் என்றும், அதைத் தன் கண்களினாலே பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொல்கிறார். குதிரை இல்லை, தூதன் இல்லை, நடுவே யாருமில்லை. முதல் எட்டு அதிகாரங்களை அறிந்த ஒருவர் வேண்டுமென்றே இப்படி எழுதினாரா, தற்செயலா என்று பல ஆண்டுகளாக யோசிக்கிறேன். வேண்டுமென்றே என்றுதான் இப்போதைக்கு நினைக்கிறேன். மறுப்பவர்கள் 4:10-ஐயும் இதையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு எழுதுங்கள்.